21ஆவது கணினிக்கு இடமில்லை: சின்ன அலுவலகத்துக்கு எது பொருத்தம்?

"ஒன்பது மணிக்கு முதல் வந்தால் எல்லாம் திறக்குது அண்ணா. ஒன்பதரைக்கு வந்தால் திறக்குதில்லை." பம்பலப்பிட்டியில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி சொன்னது இது. பிந்தி வருபவர்களுக்குப் பெரியவர் வைத்த தண்டனையோ என்றுகூட அங்கே ஒரு கதை உலாவியது.

அது நவம்பர் கடைசிக் கிழமை. வருமான வரி விபரத்திரட்டுக்கு 30ஆம் திகதி கடைசி நாள். மற்ற மாதங்களில் வாடிக்கையாளர் இடங்களில் இருக்கும் பெடியன்கள் எல்லோரும் லப்டொப்போடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். மொத்தம் 23 பேர். பைல்கள் எல்லாம் மூலையில் இருந்த ஒரு கணினியில். எல்லோரும் அதைச் சேர்வர் என்றுதான் அழைப்பார்கள், ஆனால் அது விண்டோஸ் 10 ப்ரோ போட்ட சாதாரண மேசைக் கணினி.

நான் முதலில் சந்தேகப்பட்டது கணினிக் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வேர்க் சுவிட்சை. 16 போர்ட் சுவிட்ச் ஒன்று, அதன் வாலில் இன்னொரு 8 போர்ட். யுனிட்டி பிளாஸாவுக்குப் போய்ப் புதிய 24 போர்ட் ஒன்று வாங்கி, இரவு எட்டரை வரை கேபிள் மாற்றிவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது. அதே கதை. அதன் பிறகுதான் திரையில் வந்த செய்தியை முழுதாக வாசித்தேன். இந்தக் கணினி ஏற்கக்கூடிய அளவு இணைப்புகள் ஏற்கனவே இருக்கின்றன, இனி இணைக்க முடியாது என்று அது தெளிவாகவே சொல்லியிருந்தது. அந்த அளவு 20.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: நாஸ் (பைல்களை வைத்து எல்லோருக்கும் பகிர்வதற்கென்றே செய்த சின்னப் பெட்டி) வாங்குவதா, உண்மையான சேர்வர் போடுவதா, எல்லாவற்றையும் இணையத்திலிருக்கும் கிளவுட்டுக்கு ஏற்றிவிடுவதா? பத்திலிருந்து முப்பது பேர் வரை உள்ள கொழும்பு அலுவலகங்களை மனதில் வைத்து ஒவ்வொன்றையும் பார்க்கலாம்.

இந்த 20 எங்கிருந்து வருகிறது

கேபிளுக்கும் சுவிட்சுக்கும் இதில் சம்பந்தம் இல்லை. சேர்வர் அல்லாத விண்டோஸ் ஒரு நேரத்தில் இத்தனை இணைப்புகளைத்தான் ஏற்கும் என்பது மைக்ரோசொஃப்ட் வைத்த கணக்கு. எக்ஸ்பி காலத்தில் ப்ரோவுக்கு 10, ஹோமுக்கு 5. விண்டோஸ் 7இல் அது 20 ஆனது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இன்றும் 20தான். உரிம ஒப்பந்தத்திலும் 20 சாதனங்கள் என்றே இருக்கிறது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை மாற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நேரத்தை வீணாக்காதீர்கள். ராமைக் கூட்டினாலும் எஸ்எஸ்டி போட்டாலும் 20, 20தான்.

வாங்கப் போகுமுன் எண்ணிப் பாருங்கள்

அந்தக் கணினியில் ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து கம்பியூட்டர் மேனேஜ்மென்ட்டைத் திறவுங்கள். ஷெயார்ட் போல்டர்ஸ், அதற்குள் செஷன்ஸ். யார் இணைந்திருக்கிறார்கள், எத்தனை பைல் திறந்திருக்கிறது, எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறது என்று வரிசையாக வரும்.

அன்று நான் பார்த்தபோது சரியாக 20 வரி. மனிதர்களை எண்ணினால் 14தான். மிச்சம் ஆறும் என்ன? ஒன்று ஸ்கேன் செய்ததை போல்டரில் போடும் போட்டோகொப்பி மெஷின். ஒன்று கூட்ட அறையில் தொங்கும் டிவியோடு இணைத்த சின்னக் கணினி. ஒன்று பெரியவரின் போன். எப்போதோ பைல் பார்க்கும் செயலி ஒன்றைப் போட்டு மறந்திருக்கிறார். இரண்டு லப்டொப்புகள் இரண்டு முறை இணைந்திருந்தன, ஒரு டிரைவை கணினியின் பெயராலும் இன்னொன்றை ஐபி முகவரியாலும் மேப் செய்திருந்ததால், அதாவது பகிர்ந்த போல்டரைத் தங்கள் கணினியில் ஒரு டிரைவ் போல இணைத்திருந்ததால். கடைசி ஒன்று, வேலையை விட்டுப் போனவரின் மேசையில் யாரும் அணைக்காமல் விட்ட கணினி.

பதினைந்து நிமிடம் சும்மா இருந்தால் விண்டோஸ் தானாகவே துண்டிக்கும், உண்மைதான். ஆனால் ஒரு எக்செல் பைல் திறந்தபடி இருந்தால் துண்டிக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது பைலை மூடிவிட்டுப் போகிறவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை.

செஷனை வலது கிளிக் செய்து மூடிவிடலாம். அதற்கு முதல் திறந்திருக்கும் பைல்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். நான் பாராமல் ஒன்றை மூடி, ஒருவரின் ஒரு மணி நேர வேலையைப் பாழாக்கியிருக்கிறேன். அன்று எனக்குப் பிளேன்டீகூடக் கிடைக்கவில்லை.

இன்னொரு விஷயம். இணைப்பு இல்லை என்று வரும் எல்லா முறைப்பாடும் இந்த 20 அல்ல. கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், ரவுட்டரில் கொடுக்க முகவரி தீர்ந்து போயிருக்கலாம். ஆளுக்கு ஒரு போன், ஒரு லப்டொப், வந்துபோகும் வாடிக்கையாளரின் போன் என்று கூட்டினால் 100 முகவரிகள் எங்கே போயின என்றே தெரியாது. முகவரி வரம்பைக் கூட்டி, ஒரு சாதனத்துக்கு முகவரி ஒதுக்கி வைக்கப்படும் குத்தகை நேரத்தை 24 மணியிலிருந்து சில மணிகளாகக் குறைத்தால் தீரும். வைஃபையில் மட்டும் கோளாறு என்றால் ரவுட்டரின் வைஃபை அமைப்பில் உச்ச எண்ணிக்கையைப் பாருங்கள். சில வீட்டு ரவுட்டர்களில் அது 32. விண்டோஸ் 11ஐ 24எச்2 பதிப்புக்கு மாற்றிய மறுநாள் பழைய நாஸ் திறக்கவில்லை என்றால் அதுவும் வேறு கதை: பாஸ்வேர்ட் இல்லாத விருந்தினர் அனுமதியை அந்தப் பதிப்பு ஏற்பதில்லை. இவற்றுக்கெல்லாம் சேர்வர் வாங்குவது, செருப்புக் கடித்ததற்குக் காலை மாற்றுவது போல.

எதை வைத்து எடை போடுவது

விலையை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பதுதான் நான் அதிகம் காணும் பிழை. ஐந்து கேள்விகள் போதும். எத்தனை பேர், இரண்டு வருடத்தில் எத்தனை பேர்? முதல் நாள் செலவு எவ்வளவு, பிறகு மாதாமாதம் எவ்வளவு? கெட்டுப்போனால் பார்க்க ஆள் யார், அவர் ஊரில் இல்லாவிட்டால் யார்? கரண்ட் போய் வந்தால் என்ன நடக்கும்? உங்கள் கணக்கு மென்பொருள் அதில் ஓடுமா? நான் அதிகம் அழுத்துவது மூன்றாவது கேள்வியை. காரணம் லினக்ஸ் பகுதியில் வரும்.

வழி 1: இருப்பதையே துப்புரவாக்குவது

மேலே சொன்ன ஆறு வீண் இணைப்புகளையும் எடுத்துவிட்டால் 14 பேர் உள்ள இடத்துக்கு 20 தாராளம். போட்டோகொப்பி மெஷினை மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லுங்கள், டிவிக் கணினியில் மேப்பிங்கை எடுங்கள், எல்லோருக்கும் ஒரே பெயரால் மேப் செய்யுங்கள். செலவு ஒரு பின்னேரம்.

அதுவும் போதாவிட்டால் போல்டர்களை இரண்டு விண்டோஸ் கணினிகளுக்குப் பிரிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 20. வரிப் பகுதி ஒன்றில், கணக்காய்வுப் பகுதி மற்றதில். மறைந்திருக்கும் செலவு பேக்கப்பில் இருக்கிறது: இரண்டு இடத்திலும் எடுக்க வேண்டும், ஒன்று மறந்துபோகும். எந்தப் பைல் எங்கே என்ற தேடலும் கூடும். அந்தக் கணினிகளில் ஒன்றை வரவேற்பாளர் பயன்படுத்துகிறார் என்றால், அவர் வீட்டுக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போவார். பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

20 பேருக்குக் கீழே, இனிக் கூடப்போவதில்லை என்றால் இதோடு நிறுத்துங்கள். காசைச் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் யூபிஎஸ் வாங்குங்கள்.

வழி 2: பழைய கணினியில் லினக்ஸ்

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத, ஆனால் நன்றாக ஓடும் கணினிகள் பல அலுவலகங்களில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, சம்பா என்ற இலவச மென்பொருளால் போல்டர்களைப் பகிர்ந்தால் விண்டோஸ் கணினிகளுக்கு அது இன்னொரு சேர்வராகவே தெரியும். சம்பாவில் இணைப்புக்கு இயல்பாக வரம்பே இல்லை. லைசன்ஸ் செலவு பூச்சியம்.

எனக்குப் பிடித்த வழியும் இதுதான், என்னை அதிகம் சுட்ட வழியும் இதுதான். கொட்டாஞ்சேனையில் ஓர் அலுவலகத்துக்கு இப்படி ஒன்று செய்து கொடுத்தேன். இரண்டு வருடம் சத்தமே இல்லை. மூன்றாம் வருடம் ஓகஸ்டில், நான் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அந்த அலுவலகத்தில் கரண்ட் போய் வந்திருக்கிறது. கணினி தானாக எழும்பவில்லை. கரண்ட் வந்ததும் எழும்பு என்ற அமைப்பை, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயோஸில், நான் போடவே இல்லை. யாரோ பொத்தானை அழுத்த, டிஸ்க்கைச் சரிபார்க்கட்டுமா என்று அது ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு நின்றது. பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும். தேர் வீதியில் நெரிசலுக்குள் நின்றபடி, "எழுத்துப் பெரிசா சின்னனா சேர்?" என்று கேட்டவருக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேருக்கு அன்று அந்தப் பாஸ்வேர்ட் தெரிந்திருக்கும்.

லினக்ஸ் தெரிந்த ஒருவர் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தால் தயங்காமல் போங்கள். வெளியாள் ஒருவரை மட்டும் நம்பி என்றால் வேண்டாம், அந்த வெளியாள் நானாக இருந்தாலும். பழைய கணினியின் பழைய ஹார்ட் டிஸ்க்கையும் நம்பாதீர்கள். புதிதாக இரண்டு டிஸ்க் போட்டால் "செலவே இல்லை" என்ற பேச்சு அப்போதே முடிந்துவிடும்.

வழி 3: நாஸ் பெட்டி

சைனொலஜி, கியூநாப் போன்றவை விற்கும் சின்னப் பெட்டி. உள்ளே ஓடுவது பெரும்பாலும் லினக்ஸும் சம்பாவும்தான். அதாவது வழி 2ஐ அழகான திரையோடு, உத்தரவாதத்தோடு விற்கிறார்கள். பிரவுசரில் திறந்து பயனர்களைச் சேர்க்கலாம். அலுவலகத்தில் கொஞ்சம் துணிந்த ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். எத்தனை பேர் ஒரே நேரத்தில் என்பது மொடலைப் பொறுத்தது, ஆகவே வாங்குமுன் அந்த மொடலின் விபரத்தில் அந்த எண்ணைப் பாருங்கள். முப்பது பேர் வேர்ட், எக்செல் திறக்கச் சாதாரண இரண்டு டிஸ்க் மொடலே போதும்.

கடைக்காரர் சொல்லும் விலை பெரும்பாலும் வெறும் பெட்டிக்கு. டிஸ்க் தனி. நாள் முழுக்க ஓடும்படி செய்த டிஸ்க்காகவும் இரண்டாகவும் வேண்டும். யூபிஎஸ் தனி, அதையும் யூஎஸ்பி கேபிளால் நாஸோடு இணைக்கும் வகையாக வாங்குங்கள், பட்டரி முடியுமுன் நாஸ் தானாக ஒழுங்காக அணைந்துகொள்ளும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருளில் போட்டது நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை. அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரத்தில் சேர்வர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலர் தவறாக நினைப்பது இன்னொன்று இருக்கிறது. இரண்டு டிஸ்க்கில் ஒரே தரவு இருப்பது பேக்கப் அல்ல. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும், அவ்வளவுதான். ஒருவர் போல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். ஆகவே மூன்றாவதாக ஒரு வெளி டிஸ்க்கும் வேண்டும், கிழமைக்கு ஒருமுறையாவது அது கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டும். வீட்டிலிருந்தும் பைல் பார்க்கலாம் என்று ரவுட்டரில் வழி திறந்து விடாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கப்பம் கேட்கும் வைரஸ் பிடித்தது இப்படி இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளைத்தான். வெளியிலிருந்து வேண்டுமென்றால் விபிஎன், அதாவது அலுவலகத்துக்குள் வரும் பூட்டிய தனிவழி, போடுங்கள்.

வழி 4: விண்டோஸ் சேர்வர்

இதற்குத்தான் மைக்ரோசொஃப்ட் உங்களைத் தள்ளப் பார்க்கிறது. ஸ்டாண்டர்ட் பதிப்பு வாங்கினால் சேர்வர் லைசன்ஸ் ஒன்று, குறைந்தது 16 கோருக்கு (கோர் என்பது ப்ராசசருக்குள் கணக்குச் செய்யும் பகுதி). அதற்கு மேல் உள்ளே வரும் ஒவ்வொரு ஆளுக்கோ ஒவ்வொரு சாதனத்துக்கோ கால் (CAL) எனப்படும் அனுமதி லைசன்ஸ். விலைமதிப்பில் இந்த இரண்டாவது வரியைச் சிலர் எழுதுவதே இல்லை. "சேர்வர் லைசன்ஸோடு" என்று மட்டும் போட்டிருந்தால், "கால் எத்தனை?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் விடயம் புரியும்.

எசென்ஷியல்ஸ் என்ற சின்னப் பதிப்பும் இருக்கிறது. 25 பயனர், 50 சாதனம் வரை, கால் தேவையில்லை. அண்மைய பதிப்புகள் சேர்வர் இயந்திரத்தோடு சேர்த்தே விற்கப்படுகின்றன. 23 பேர் உள்ள இடத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும், 26ஆவது ஆளை வேலைக்கு எடுக்கும் நாள் வரை.

எப்போது இதுதான் சரி? உங்கள் கணக்கு மென்பொருளின் சேர்வர் பகுதி விண்டோஸ் சேர்வரில்தான் ஓடும் என்று விற்றவர் எழுத்தில் சொன்னால். அல்லது யார் எந்தக் கணினியில் உள்ளே வரலாம், எந்தப் போல்டரைப் பார்க்கலாம் என்று ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்த வேண்டியிருந்தால். பைல் பகிர்வுக்கு மட்டும் இதை வாங்குவது, பக்கத்துக் கடைக்குப் பாண் வாங்கப் போக லொறி பிடிப்பது.

வழி 5: கிளவுட்

பாதிப் பேர் வெளியே இருந்து வேலை செய்கிறார்கள் என்றால் மற்ற நான்கையும் விட இது நல்லது. மைக்ரோசொஃப்ட் 365 அல்லது கூகுள் வேர்க்ஸ்பேஸ். கரண்ட் போனாலும் போன் டேட்டாவில் வேலை ஓடும். 20 என்ற கணக்கே கிடையாது.

செலவு மாதாமாதம், ஆள் கணக்கில், டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அந்த நேரம் வருட பட்ஜெட் போட்டிருந்த கணக்காளர்களிடம் கேட்டுப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூட மறந்தால் அதற்கும் பில் வரும்.

அடுத்தது ஏற்றும் வேகம். இறக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பைபர் இணைப்பு எடுக்கிறார்கள், ஏற்றும் வேகத்தை யாரும் கேட்பதில்லை. 10 எம்பிபிஎஸ் ஏற்றம் என்றால் 200 ஜிபி பழைய பைல்களை ஏற்ற இடைவிடாமல் 44 மணி நேரம் போகும். மாத டேட்டா அளவுள்ள பக்கேஜ் என்றால் அதையும் கணக்குப் பாருங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது: பலர் ஒரே நேரத்தில் திறக்கும் கணக்கு மென்பொருளின் தரவுப் பைலை ஒன்டிரைவ் போன்ற, ஒவ்வொரு கணினிக்கும் தானாகப் பிரதி போகும் ஒத்திசைவுப் போல்டரில் வைக்காதீர்கள். இரண்டு பேர் ஒன்றாக எழுதினால் இரண்டு பிரதி வரும், எது சரியென்று கண்டுபிடிக்க இன்னொரு கணக்காய்வு தேவைப்படும்.

வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதிகளும் சம்பள விபரங்களும் வைத்திருக்கும் அலுவலகங்கள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். தரவு நாட்டுக்கு வெளியே போவது பற்றி அதில் தனி ஏற்பாடுகள் உண்டு. சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒரே பார்வையில்

| | துப்புரவு | லினக்ஸ் | நாஸ் | விண்டோஸ் சேர்வர் | கிளவுட் |
|---|---|---|---|---|---|
| ஒரே நேர வரம்பு | 20 | இயல்பில் இல்லை | மொடலைப் பொறுத்து | லைசன்ஸைப் பொறுத்து | கணக்கு உள்ள எல்லோரும் |
| முதல் செலவு | இல்லை | புது டிஸ்க் | நடுத்தரம் | அதிகம் | குறைவு |
| தொடர் செலவு | இல்லை | ஆள் கூலி | டிஸ்க் மாற்றம் | புதிய ஆள் வந்தால் கால் | மாதாமாதம் டொலரில் |
| பார்க்க ஆள் | யாரும் | தெரிந்தவர் மட்டும் | துணிந்த ஒருவர் | தொழில்முறை ஆள் | நிர்வாகக் கணக்கு உள்ளவர் |
| கரண்ட் போனால் | நிற்கும் | நிற்கும், எழும்புமா என்று பார்க்க வேண்டும் | யூபிஎஸ்ஸோடு ஒழுங்காக அணையும் | அதே | ஓடும் |
| கணக்கு மென்பொருள் | ஓடும் | பெரும்பாலும் ஓடாது | பெரும்பாலும் ஓடாது | ஓடும் | அதற்கென்ற இணையப் பதிப்பு வேண்டும் |

பம்பலப்பிட்டியில் என்ன செய்தோம்

இரண்டைக் கலந்தோம். வேர்ட், எக்செல், ஸ்கேன் பைல்கள் எல்லாம் நாஸுக்குப் போயின. கணக்கு மென்பொருள் விண்டோஸ் கணினியிலேயே இருந்தது, அதைத் தொடுபவர்கள் ஆறு பேர் மட்டும். கணினி பழையது என்பதால் விண்டோஸ் 11 உள்ள ஒன்றுக்கு மாற்றினோம், அவ்வளவுதான். அதன் செஷன் பட்டியலில் இப்போது ஆறு, ஏழு வரிக்கு மேல் வருவதில்லை. 20 பேருக்கு மேல் உள்ள அலுவலகம் ஒன்று கேட்டால் நான் முதலில் சொல்வதும் இந்தக் கலவையைத்தான்.

மாற்றும் நாளுக்குப் போயா விடுமுறையைத் தேர்ந்தெடுங்கள். எங்களிடம் இருந்தது 180 ஜிபி. ஜிகாபிட் கேபிளில் அரை மணி நேரக் கணக்குத்தான், ஆனால் பத்து வருடச் சின்னச் சின்னப் பைல்கள் என்பதால் காலை எட்டுக்குத் தொடங்கியது மத்தியானம் ஒன்றரை வரை இழுத்தது. கொப்பி முடிந்ததும் பழைய போல்டர்களை அழிக்காதீர்கள், வாசிக்க மட்டும் முடியும்படி மாற்றி ஒரு மாதம் வைத்திருங்கள். மறுநாள் காலை யாராவது ஒருவர் பழைய இடத்தில்தான் பைலைத் திறந்து வைத்திருப்பார்.